பட்டியலில் ஏறும் தெரு: அமெரிக்க நகரங்கள் சாலைத் திட்டங்களைத் தேர்ந்தெடுக்கும் விதம்

அமெரிக்க நகரம் ஒன்றில் குடியிருக்கும் ஒருவர், பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து போகும் சாலையில் நடைபாதை வேண்டும் என்று நகர மன்றக் கூட்டத்தில் எழுந்து கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "நல்ல யோசனைதான். ஆனால் அது வட்டாரத் திட்டத்தில் இல்லை. அடுத்த சுற்றில் பார்க்கலாம்" என்று பதில் வருகிறது. கேட்டவருக்குக் குழப்பம். தெரு நகரத்துடையது, வரி கட்டுவது அவர். நடுவில் இந்த வட்டாரத் திட்டம் எங்கிருந்து வந்தது?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தத் திட்டத்துக்குப் பணம் கிடைக்கும் என்பது எல்லோரும் கவனிக்கும் கடைசி வாக்கெடுப்பில் தீர்மானமாவது அரிது. நகரம் தன் விருப்பப் பட்டியலை எழுதும்போதே பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. அந்த நேரத்தில் பொதுமக்களில் மிகச் சிலரே பக்கத்தில் இருக்கிறார்கள். அது மாற வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பணம் வரும் வழி

அமெரிக்காவில் ஒரு காலன் பெட்ரோலுக்கு மத்திய அரசு 18.4 சென்ட் வரி வசூலிக்கிறது. 1993ஆம் ஆண்டு முதல் இந்த விகிதம் மாறவில்லை. இந்த வரி 1956இல் உருவாக்கப்பட்ட நெடுஞ்சாலை அறக்கட்டளை நிதியில் சேர்கிறது. விலைவாசி ஏறியும் வரி அப்படியே நிற்பதால் அந்த நிதி தனக்குத் தானே போதுவதில்லை. 2008 முதல் பொதுக் கருவூலத்திலிருந்து அவ்வப்போது பணம் மாற்றி ஈடுகட்டுகிறார்கள்.

அந்த நிதியின் பெரும்பகுதி மாநிலங்களுக்குப் போகிறது. சில தலைப்புகளில் வரும் பணத்தில் ஒரு பங்கை, மக்கள்தொகைக்கு ஏற்ப அந்தந்தப் பகுதிகளுக்கென்று மாநிலம் ஒதுக்கியாக வேண்டும். பெருநகரப் பகுதிகளில் அந்தப் பங்கை எந்தத் திட்டங்களுக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பது மாநிலத் தலைநகரம் அல்ல, தனி நகரமும் அல்ல. இரண்டுக்கும் நடுவே உள்ள ஓர் அமைப்பு அதைச் செய்கிறது. பெருநகரத் திட்டமிடல் அமைப்பு என்று சொல்லலாம்; புழக்கத்தில் எம்.பி.ஓ. என்கிறார்கள்.

இந்த அமைப்பு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு வரலாறு உண்டு. 1950களில் நெடுஞ்சாலைகளை வரைந்தவர்கள் பெரும்பாலும் மாநில நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர்கள். நகரங்களின் நெஞ்சைப் பிளந்துகொண்டு கோடுகள் போயின. சான் பிரான்சிஸ்கோவில் மக்கள் கொதித்தெழுந்தார்கள். 1959இல் அந்நகர மேற்பார்வையாளர் மன்றம், திட்டமிட்டிருந்த பத்து விரைவுச்சாலைகளில் ஏழு சாலைகளை நிராகரித்தது. 1962இல் வந்த மத்திய நெடுஞ்சாலைச் சட்டம், 50,000 பேருக்கு மேல் வாழும் நகர்ப்புறப் பகுதிகளில் மாநிலமும் உள்ளாட்சிகளும் சேர்ந்து, தொடர்ச்சியாக, எல்லாவற்றையும் கணக்கில் கொண்டு திட்டமிட்டால்தான் மத்திய உதவி கிடைக்கும் என்றது. 1991இல் வந்த ஐஸ்டீ என்னும் தரைவழிப் போக்குவரத்துச் சட்டம், எம்.பி.ஓ. எனும் இந்த வட்டார அமைப்புகளின் கையை உண்மையிலேயே வலுப்படுத்தியது. கையில் இல்லாத பணத்துக்குத் திட்டம் போடக் கூடாது என்ற வரம்பையும் அதுவே கொண்டுவந்தது.

இன்று நாடெங்கும் 400க்கும் மேற்பட்ட எம்.பி.ஓ.க்கள் இருக்கின்றன. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் 9 கவுண்டிகள் (நம்மூர் மாவட்டம் போன்றவை), 101 நகரங்களுக்கு ஒன்று. லாஸ் ஏஞ்சலஸை உள்ளடக்கிய தெற்குக் கலிஃபோர்னியாவில் 6 கவுண்டிகள், 191 நகரங்களுக்கு ஒன்று. இவற்றின் ஆட்சிக்குழுவில் பெரும்பாலும் அந்தந்தப் பகுதியின் மேயர்களும் நகர மன்ற உறுப்பினர்களும் கவுண்டி உறுப்பினர்களும் உட்கார்ந்திருப்பார்கள். மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் வட்டார ஆட்சி நாட்டிலேயே ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் மட்டும்தான் இருக்கிறது. மற்ற இடங்களில், நீங்கள் நகர மன்றத்துக்கு என்று தேர்ந்தெடுத்தவர்தான் வட்டாரத்துக்கும் போய் வாக்களிக்கிறார். தேர்தல் நேரத்தில் இதை யாரும் அவரிடம் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

இரண்டு ஆவணங்கள்

புதிதாக இதைப் படிப்பவர்களை மிகவும் குழப்புவது, "திட்டம்" என்று இரண்டு வேறு ஆவணங்களைச் சொல்வது. ஒன்று நீண்டகாலத் திட்டம். குறைந்தது அடுத்த 20 ஆண்டுகளுக்கு இப்பகுதியின் போக்குவரத்து எப்படி வளர வேண்டும் என்று அது சொல்கிறது. காற்றுத் தரம் மோசமான பகுதிகளில் 4 ஆண்டுகளுக்கு ஒரு முறையும், மற்ற இடங்களில் 5 ஆண்டுகளுக்கு ஒரு முறையும் அதைப் புதுப்பிக்க வேண்டும்.

மற்றொன்று குறுகியகால நிதிப் பட்டியல். டிப் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். குறைந்தது 4 ஆண்டுகளுக்கு எந்தத் திட்டத்தின் எந்தக் கட்டத்துக்கு எந்த ஆண்டில் எந்தத் தலைப்பிலிருந்து எவ்வளவு பணம் என்று வரிக்கு வரி எழுதிய பட்டியல் அது. மத்திய நெடுஞ்சாலை நிதியும் பேருந்து, ரயில் நிதியும் தொடும் திட்டங்கள் இதில் ஏறியாக வேண்டும். முதல் ஆவணத்தில் இருப்பது நோக்கம். இரண்டாவதில் இருந்தால்தான் பணம் நகரும். முதலாவதற்குப் பொருந்தாத எதுவும் இரண்டாவதில் ஏற முடியாது என்பதால், இருபதாண்டுத் திட்டத்தை வெறும் கனவுப் புத்தகம் என்று ஒதுக்கிவிடவும் கூடாது.

இரண்டுக்கும் பொதுவான விதி நிதி வரம்பு. நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய வருமானத்துக்குள் எல்லாத் திட்டங்களின் செலவும் அடங்க வேண்டும். செலவை இன்றைய விலையில் எழுதிவிட்டுத் தப்பிக்கவும் முடியாது. பணம் செலவாகப்போகும் ஆண்டின் விலையில் எழுத வேண்டும். இன்று 30 லட்சம் டாலர் ஆகும் வேலை, ஆண்டுக்கு 4 சதவீத விலையேற்றம் என்று கணக்கிட்டால், ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 36.5 லட்சம் டாலராகிறது. தள்ளிப்போடுவதற்கும் விலை உண்டு என்பதை இந்த விதி எல்லோர் கண்ணிலும் காட்டிவிடுகிறது. ஒரு திட்டத்தை உள்ளே சேர்ப்பவர், வேறொன்றை வெளியே நிறுத்துகிறார். "எங்கள் திட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்ற வேண்டுகோள் பெரும்பாலும் பலிக்காமல் போவதற்குக் காரணம் இதுதான். எதற்குப் பதிலாக என்று சொல்லும் கோரிக்கைக்கே அங்கே எடை அதிகம்.

நகரத்துக்குள் நடக்கும் தேர்வு

வட்டார அமைப்பு சில ஆண்டுகளுக்கு ஒரு முறை, திட்டங்களை அனுப்பச் சொல்லி அழைப்பு விடுக்கும். உடனே ஒவ்வொரு நகரத்திலும் பொதுப்பணித் துறையும் போக்குவரத்துப் பொறியாளரும் உட்கார்ந்து எதை அனுப்புவது என்று யோசிப்பார்கள். இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

80,000 பேர் வாழும் ஒரு கற்பனை நகரத்தை எடுத்துக்கொள்வோம். அதனிடம் நான்கு விருப்பங்கள் இருக்கின்றன. விரைவுச்சாலைச் சந்திப்பை அகலப்படுத்த 4 கோடி டாலர். பிரதான சாலைக்கு மீண்டும் தார் போட 60 லட்சம். இரண்டு பள்ளிகளைச் சுற்றி நடைபாதையும், மக்கள் சாலையைக் கடக்கும் கடவைகளும் அமைக்க 30 லட்சம். பேருந்து வந்தால் பச்சை விளக்கு நீடிக்கும்படி சிக்னல்களை மாற்ற 20 லட்சம். இந்தச் சுற்றில் தங்கள் நகரத்துக்கு 50, 60 லட்சம் டாலர் வந்தாலே பெரிது என்று ஊழியர்கள் கருதுகிறார்கள்.

முதல் சல்லடை தகுதி. மத்திய சாலை நிதியைப் பொதுவாக எல்லாத் தெருக்களிலும் செலவழிக்க முடியாது. சாலைகளை அவற்றின் பணியைப் பொறுத்து வகைப்படுத்தியிருக்கிறார்கள். வீடுகள் மட்டும் உள்ள சிறு தெருவில் தார் போட இந்தப் பணம் பெரும்பாலும் உதவாது. நடைபாதை, சைக்கிள் தடம், பாதுகாப்புப் பணி, பாலம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. "என் வீட்டு வாசல் பள்ளத்தை மூடாமல் பிரதான சாலைக்கு இரண்டாம் முறை தார் போடுகிறார்களே" என்ற கோபத்துக்குப் பல நேரங்களில் இதுவே விடை. அந்தப் பள்ளத்துக்கான பணம் நகரத்தின் சொந்த வரவு செலவிலிருந்து வர வேண்டும்.

அடுத்தது உள்ளூர்ப் பங்கு. வழக்கமாக மத்திய நிதி செலவில் 80 சதவீதம் வரை தரும். மீதி 20 சதவீதத்தை உள்ளூர் தேட வேண்டும். மத்திய அரசு நிலம் மிகுந்த மேற்கு மாநிலங்களில் இந்தப் பங்கு குறைவு. கலிஃபோர்னியாவில் அது 11.47 சதவீதம். 20 சதவீதக் கணக்கில் நம் கற்பனை நகரம் சந்திப்பு விரிவாக்கத்துக்கு 80 லட்சம் டாலர் போட வேண்டும். பள்ளி நடைபாதைக்கு 6 லட்சம் போதும். முதலாவதை மன்றத்தில் எவ்வளவு உரக்கப் பேசினாலும் அந்த 80 லட்சம் எங்கே என்ற கேள்வியில் அது நின்றுவிடும்.

மானியம் கிடைத்ததும் காசோலை வருவதில்லை என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. மத்திய ஒப்புதல் வந்த பிறகு நகரம் முதலில் தன் பணத்தைச் செலவழித்து, பில்லைக் காட்டித் திரும்பப் பெற வேண்டும். ஒப்புதலுக்கு முன் செய்த செலவு திரும்ப வராது. கையிருப்பு மெலிந்த சிற்றூர்கள் இந்தக் காரணத்துக்காகவே விண்ணப்பிக்காமல் விட்டுவிடக்கூடும். ஏழை ஊர்களைக் கைதூக்கிவிட வேண்டிய நிதி, கையில் காசுள்ள ஊர்களுக்கு எளிதாகப் போய்ச் சேர்வது இந்த ஏற்பாட்டின் பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

மூன்றாவது, ஆயத்தம். சுற்றுச்சூழல் ஆய்வு, வடிவமைப்பு, தேவைப்பட்டால் நிலம் கையகப்படுத்தல், பிறகு கட்டுமானம் என்று ஒரு திட்டம் கட்டம் கட்டமாக நகர்கிறது. ஒதுக்கிய பணத்தைக் குறித்த காலத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் வட்டாரமே அதை இழக்க நேரும். அதனால் மதிப்பீட்டாளர்கள், பாதி வடிவமைப்பு முடிந்து வரும் திட்டத்தை விரும்புவார்கள். அந்த வடிவமைப்புக்கான பணத்தை நகரம் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே தன் சொந்தக் கணக்கில் போட்டிருக்க வேண்டும். ஆக, வட்டாரப் போட்டியில் வெல்லும் திட்டம், யாரும் பெரிதாகக் கவனிக்காத ஒரு நகர வரவு செலவுத் திட்டத்தில், "பூர்வாங்க வடிவமைப்பு" என்ற சிறிய வரியாக முன்பே பிறந்துவிட்டது.

இந்தச் சல்லடைகளில் சந்திப்பு விரிவாக்கம் விழுந்துவிடுகிறது. அதை மாநிலத்தோடு சேர்ந்து வேறு வழியில்தான் தேட முடியும். மிஞ்சிய மூன்றில் எது? பொறியாளர் தார்ச் சாலைக்காக வாதாடுவார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சாலையின் நிலையை 0 முதல் 100 வரை அளக்கும் குறியீடு ஒன்று உண்டு. நல்ல சாலை பல ஆண்டுகள் மெதுவாகத் தேய்ந்து, ஒரு கட்டத்துக்குப் பிறகு மளமளவென்று சரியும். சரியும் முன் மேற்பரப்பைப் புதுப்பித்தால் செலவு குறைவு. விட்டுவிட்டால் அடித்தளம் வரை தோண்ட வேண்டும். பள்ளிப் பெற்றோர் பாதுகாப்பைச் சொல்வார்கள். பேருந்து நிறுவனம் பயணிகளின் நேரத்தைச் சொல்லும்.

நான் அந்த அறையில் இருந்தால், பள்ளி நடைபாதையையும் பேருந்து சிக்னலையும் அனுப்பச் சொல்வேன். இரண்டும் சேர்ந்து 50 லட்சம், வரம்புக்குள் அடங்குகிறது. தார்ச் சாலையில் பள்ளிக்கு அருகிலுள்ள பகுதியை மட்டும் நகரத்தின் சொந்தப் பணத்தில் அதே நேரத்தில் செய்யலாம். அப்படிச் சேர்த்துச் செய்வதில் இன்னொரு பலனும் இருக்கிறது. 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, சாலையின் மேற்பரப்பைப் புதுப்பிக்கும் நகரம், கடவைகளில் சக்கர நாற்காலி ஏறி இறங்கும் சரிவுகளையும் அமைத்தாக வேண்டும். ஒரே முறை தோண்டி எல்லாவற்றையும் முடித்துவிடலாம்.

சிறு வேலைகளைத் தனித்தனியாக அனுப்பக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. 2 லட்சம் டாலர் வேலைக்கும் 2 கோடி டாலர் வேலைக்கும் மத்திய விதிகளின் காகித வேலை ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் பல பகுதிகள் குறைந்தபட்சத் தொகை வைத்திருக்கின்றன. ஒரு கடவை, இரண்டு நடைபாதைத் துண்டுகள், ஒரு சிக்னல் என்று சிதறிக் கிடக்கும் தேவைகளை ஒரே திட்டமாகக் கட்டி அனுப்பும் நகரம் பிழைத்துக்கொள்ளும்.

மதிப்பெண்கள் சொல்வதும் சொல்லாததும்

நகரங்களின் பட்டியல்கள் வந்ததும் வட்டார அமைப்பு மதிப்பெண் போடும். பாதுகாப்பு, நெரிசல், காற்று மாசு, பின்தங்கிய மக்களுக்குக் கிடைக்கும் பலன், வீட்டுவசதியோடு உள்ள தொடர்பு என்று அளவுகோல்கள் இடத்துக்கு இடம் மாறும். விரிகுடாப் பகுதியில், மாநில ஒப்புதல் பெற்ற வீட்டுவசதித் திட்டம் இல்லாத நகரம் இந்த நிதிக்குத் தகுதி பெற முடியாது என்று நிபந்தனை வைத்தார்கள். வீடு கட்ட மறுக்கும் ஊர் சாலைப் பணத்தையும் இழக்கும் என்ற இந்த ஏற்பாடு எனக்குச் சரியாகவே படுகிறது.

வந்த பணத்தை ஊருக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுக்கொண்டால் சண்டையே இல்லையே என்று தோன்றலாம். மத்திய விதி அதைத் தடுக்கிறது. இந்த நிதியை முன்கூட்டியே வகுத்த சதவீதப்படி ஊர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது, திட்டமிடலுக்குச் சட்டம் சொல்லும் காரணங்களின் அடிப்படையில் அமைந்தது என்று தெளிவாகக் காட்ட முடிந்தாலன்றி, விதிக்கு முரணானது. வட்டாரம் முழுவதற்கும் எது நல்லது என்று பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். நடைமுறையில் மேயர்கள் ஒவ்வொருவரும் தம் ஊருக்கு ஏதாவது கிடைத்ததா என்று பார்ப்பார்கள், அதுவும் இயல்புதான். ஆனால் விதியின் பக்கம் நிற்கும் குடிமகனுக்கு வலுவான வாதம் கையில் இருக்கிறது.

மதிப்பெண் முறையில் எனக்கு ஒரு பெரிய மனக்குறை உண்டு. பாதுகாப்புக்கான மதிப்பெண் பெரும்பாலும் நடந்த விபத்துகளின் எண்ணிக்கையை வைத்தே அமைகிறது. மிகவும் ஆபத்தான சாலையில் யாரும் நடப்பதே இல்லை. பெற்றோர் பிள்ளைகளைக் காரில் கொண்டுபோய் விடுகிறார்கள், முதியவர்கள் வெளியே வருவதில்லை. அங்கே விபத்து குறைவு, மதிப்பெண்ணும் குறைவு. அச்சம் எந்தக் கட்டத்திலும் எண்ணாக ஏறுவதில்லை. இதைச் சரிசெய்ய உள்ளூர் மக்களால் முடியும். எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கு அரை மைலுக்குள் குடியிருந்தும் நடந்து வருவதில்லை, வாகனங்கள் எந்த வேகத்தில் போகின்றன, அடுத்த கடவை எவ்வளவு தூரம் என்ற தகவல்களைப் பெற்றோர் சங்கம் திரட்டித் தந்தால், நகர ஊழியர் அதை விண்ணப்பத்தில் சேர்க்க முடியும். விண்ணப்பம் எழுதத் தனி ஆள் இல்லாத ஊரில் இந்த உதவி உண்மையிலேயே பெரிது.

காற்றுத் தரம் குறைந்த பகுதிகளில் கூடுதலாக ஒரு சோதனை இருக்கிறது. 1990ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத் திருத்தங்களுக்குப் பிறகு, பட்டியலில் உள்ள எல்லாம் கட்டி முடிந்தாலும் வாகனப் புகை அனுமதித்த அளவைத் தாண்டாது என்று கணக்குப்போட்டுக் காட்ட வேண்டும். சாலையை அகலப்படுத்தும் பெரிய திட்டங்கள் இந்தக் கணக்கில் ஏறும். நடைபாதைக்குப் பொதுவாக அந்தக் கவலை இல்லை.

எப்போது பேசுவது

நகர மன்றம் பட்டியலுக்கு ஒப்புதல் தரும் தீர்மானம், பல ஊர்களில் விவாதமின்றி ஒரே வாக்கில் நிறைவேறும் உருப்படிகளோடு சேர்ந்துவிடும். அன்று போய்ப் பேசினால் மரியாதையாகக் கேட்பார்கள், எதுவும் மாறாது. அழைப்பு வெளியாவதற்கு முன்பே, நகரம் தன் ஐந்தாண்டு மூலதனச் செலவுத் திட்டத்தையும் நடை, சைக்கிள் பாதைத் திட்டத்தையும் எழுதும்போது பேச வேண்டும். உங்கள் தெரு அந்த ஆவணங்களில் பெயரோடு இருந்தால், அடுத்த அழைப்பில் ஊழியர் அதை எடுத்து நீட்டுவது எளிது. பெயரே இல்லாவிட்டால் அவர் மனம் வைத்தாலும் விண்ணப்பத்தில் அடிப்படை காட்ட முடியாது. போக்குவரத்துப் பொறியாளருக்கு அனுப்பும் ஒரு மின்னஞ்சல் போதும்: அடுத்த அழைப்பு எப்போது, இந்தத் தெரு எந்த ஆவணத்தில் இருக்கிறது, வடிவமைப்புக்குப் பணம் ஒதுக்கியாயிற்றா?

பட்டியலில் ஏறிய பிறகும் கண்காணிக்க வழி இருக்கிறது. டிப் அடிக்கடி திருத்தப்படுகிறது. சிறு மாற்றங்களை ஊழியர்களே செய்துவிடுவார்கள். பெரிய மாற்றங்கள் ஆட்சிக்குழு முன் வர வேண்டும். கடந்த ஆண்டில் எந்தத் திட்டங்களுக்கு மத்திய நிதி உண்மையில் உறுதியானது என்ற பட்டியலை ஒவ்வொரு எம்.பி.ஓ.வும் ஆண்டு முடிந்து 90 நாட்களுக்குள் வெளியிட வேண்டும் என்று விதி இருக்கிறது. அதை டிப்போடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே திட்டத்தின் ஆண்டு ஒவ்வொரு திருத்தத்திலும் தள்ளிக்கொண்டே போனால், நிலமோ வடிவமைப்போ உள்ளூர்ப் பங்கோ எங்கோ சிக்கியிருக்கிறது. எது சிக்கியிருக்கிறது என்று நகர ஊழியருக்குத் தெரிந்திருக்கும். கேட்டால் பெரும்பாலும் சொல்வார்.